வேகமும் சுருதியும்

எங்கள் பக்கத்தில் இப்போது சங்கீதத்தைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே டி.ஜே. வந்துவிடுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்த ஊர் மாரியம்மன் பண்டிகையானாலும் சரி, ஒரு சின்ன லாரியில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். அவன் போடும் பாட்டுக்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. ஒரு பாட்டு முடிவதற்கு முன்பே அடுத்த பாட்டு அதற்குள் புகுந்துவிடுகிறது. "இதெல்லாம் ஒரு சங்கீதமா? நீங்கள் எழுதுகிறவர். கண்டித்து நாலு வார்த்தை எழுதக் கூடாதா?" என்று என்னைக் கேட்காத பெரியவர்கள் குறைவு.

கண்டிப்பது சுலபம். ஆனால் நாவலைப் படிக்காமலே அதற்கு விமரிசனம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயமோ, அதே அபிப்பிராயம்தான் காது கொடுத்துக் கேட்காமலே கண்டிக்கிறவர்களைப் பற்றியும். ஆகவே சென்ற பங்குனியில் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே உள்ள ஓர் ஊரில், அடுத்தடுத்து இரண்டு இரவுகள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அங்கே நடந்ததையும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன்.

பூச்சாட்டி, கம்பம் நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சாயங்காலம் நாகஸ்வரமும் தவிலும். அம்மன் புறப்பாடு முடிந்ததும் பறை. அதற்கப்புறம் டி.ஜே. திண்ணையில் எனக்குப் பக்கத்தில் நாகஸ்வர வித்துவான் வாத்தியத்தைத் துணியில் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். இந்த வருஷத்தோடு மேளத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தையும் டி.ஜே.க்கே கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் பேசுவதாக எனக்கு முன்பே செய்தி. அவருக்கும் அது தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இளைஞன் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்றைப் போட்டான். பெண்கள் கம்பத்தைச் சுற்றிக் கும்மி அடிக்க ஆரம்பித்தார்கள். கும்மி அடித்தது மட்டுமல்ல, பாட்டோடு சேர்ந்து பாடவும் செய்தார்கள். அந்தப் பாட்டு அவர்களுக்கெல்லாம் சிறு வயதிலிருந்தே மனப்பாடம். ஒலிபெருக்கியையும் மீறி அவர்கள் குரல் கேட்டது. கேட்க மிகவும் நன்றாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு முக்கால்வாசி ஆனதும் அதன் வேகம் மெதுவாக ஏறியது. அடுத்த பாட்டின் தாளம் உள்ளே நுழைந்தது. தட்டுக்குத் தட்டு பிசகாமல் இரண்டும் பொருந்தி வந்தன. பிறகு அடுத்த பாட்டின் மெட்டும் நுழைந்தது. அவ்வளவுதான். புளியங்காயைக் கடித்த மாதிரி எனக்குப் பல் கூசியது. ஏறக்குறைய அரை நிமிஷம் அப்படியே இரண்டு பாட்டும் ஒன்றாக ஓடின. பெண்களின் கை தட்டுவதை நிறுத்தவில்லை. தாளம் சரியாகத்தானே இருந்தது? ஆனால் வாய் மூடிக்கொண்டுவிட்டது. எந்தச் சுருதியைப் பிடித்துப் பாடுவது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அன்று இரவு முழுவதும் அவர்கள் பாடவே இல்லை.

"ரெண்டும் நல்ல பாட்டுதானுங்க" என்றார் வித்துவான். "தாளம் சேர்ந்துது. சுருதி சேரலை."

அரை மணி கழித்து இளைஞன் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தபோது அவனிடமே கேட்டேன். பகலில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அவனுக்கும் அது தெரிந்திருந்தது, முகம் சுண்டிப்போயிருந்தது.

"எட்டுக்கு எட்டுதான் போட்டேனுங்கண்ணா. எங்க தப்பாச்சுன்னு தெரியலைங்க" என்றான்.

வித்துவான் அவனைப் பார்த்து, "ஓட்டுனா ஏறும் கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த விஷயத்தில் சொல்ல வேண்டியது முழுவதும் அந்த இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது. ஆனால் கட்டுரையாளனுக்கு இரண்டு வார்த்தை போதாதல்லவா?

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய சாஸ்திரம் வேண்டாம். வீட்டில் பாட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டர் இருந்தது. பாட்டரி தீரத் தீர, பாடகர் நிதானமாகிக்கொண்டே போவார். நிதானமாவது மட்டுமல்ல, அவர் குரலும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். கடைசியில் பெண் குரல் ஆண் குரலாகிவிடும். புதுப் பாட்டரி போட்டதும் எல்லாம் மேலே ஏறிவிடும். காரணம் எளியது. ஒலி என்பது விநாடிக்கு இத்தனை என்ற கணக்கில் நடக்கும் அதிர்வு. நாடாவை 6 சதவிகிதம் வேகமாக ஓட்டினால், பாட்டு 6 சதம் சீக்கிரம் ஓடுவதோடு, ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வும் 6 சதம் கூடிவிடுகிறது. வேகமும் சுருதியும் பதிவுக்குள் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவை.

அந்த 6 சதம் என்பது நான் சும்மா சொன்ன எண் அல்ல. ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வரஸ்தானங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏற வேண்டுமானால் அதிர்வு 6 சதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட வேண்டும். ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், 1 கட்டையில் இருந்தது 1½ கட்டைக்குப் போய்விடும். நிமிஷத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டை 106 தட்டுள்ள பாட்டோடு சேர்ப்பதற்காக ஓட்டினால், நாம் கேட்காமலே அரைக்கட்டை ஏறிவிடும். அரைக்கட்டைதானே என்று எண்ணிவிடக் கூடாது. 1 கட்டையில் பாடிய மோகனத்தையும் 1½ கட்டையில் பாடிய மோகனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து ஸ்வரம். இரண்டுக்கும் பொதுவான கட்டை ஒன்றுகூட இல்லை. ஒரே ராகம், ஆனால் ஒன்றாகப் போட்டால் இதைப்போல் இடிக்கும் ஜோடி வேறு கிடைப்பது அரிது.

மனிதர்கள் வாசிக்கும் சங்கீதத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுகிறார்கள். பல்லவியை மூன்று காலத்தில் பாடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கு ஆகிறது. தம்பூரா இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்று சாயங்காலம் தவில்காரர் எவ்வளவு துரிதத்துக்குப் போனாலும் ஒத்து அசையவில்லை. பறைக்காரர்களைப் பாருங்கள். இரவுப் பனியில் தோல் தளர்ந்து ஒலி இறங்கிவிட்டால், வைக்கோலைக் கொளுத்தி வாட்டி ஏற்றுகிறார்கள். வேகம் வேண்டுமானால் கையை ஓட்டுகிறார்கள். ஒலியை ஏற்றுவதற்கு நெருப்பு, வேகத்தை ஏற்றுவதற்குக் கை. ஒன்று மற்றதைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியது ஒலிப்பதிவு யந்திரம்தான்.

இந்த இடத்தில் பழைய பாட்டின் பக்தர்கள், "அதற்குத்தான் ஐயா, பாட்டை இருக்கிறபடி விடு என்கிறோம்" என்று சொல்லக்கூடும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் 'இருக்கிறபடி' என்பது எது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காவிரிக்கு அந்தக் கரையில் கொடுமுடி இருக்கிறது. இந்தக் கரையில் எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஊர்கள். கொடுமுடி சுந்தராம்பாளையும் கிட்டப்பாவையும் பற்றிப் பேசாத வீடு இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்காது. கிட்டப்பா 1933-ல் 27-ஆவது வயதிலேயே போய்விட்டார். பேசும் படத்தில் அவர் இல்லை. நமக்கு மிச்சம் இருப்பது இசைத்தட்டில் உள்ள குரல்தான். அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று என் நண்பர்கள் இரண்டு பேர் சண்டை போட்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் கேட்ட தட்டும் மற்றவர் கேட்ட பிரதியும் ஒரே வேகத்தில் சுழன்றனவா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பதே 1920-களின் நடுவில், மின்சார ஒலிப்பதிவு வந்த சமயத்தில்தான் பொதுக் கணக்காக நிலைத்தது. அதற்கு முந்திய தட்டுகள் 70 சொச்சத்திலிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவானவை. கைச்சாவி கொடுக்கும் கிராமபோனில் வில் தளர்ந்தால் அந்தக் கணக்கும் போய்விடும். ஒரு தட்டை 76-ல் ஓட்டுவதற்கும் 80-ல் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அரைக்கட்டை. என் நண்பர்கள் சண்டை போட்டது அந்த அரைக்கட்டைக்காகத்தான்.

இன்னோர் உதாரணம் எங்கள் சேலத்திலிருந்தே. ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' 1950-ல் வந்தது. ஜி.ராமநாதனின் சங்கீதம். சினிமாப் படம் கொட்டகையில் விநாடிக்கு 24 சட்டம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ விநாடிக்கு 25 படம் என்ற கணக்கில் அமைந்தது. அதில் காட்டுவதற்காக ஃபிலிமை 25-ஆக ஓட்டிவிடுவதுதான் வழக்கமான ஏற்பாடு. 5 நிமிஷப் பாட்டு 4 நிமிஷம் 48 விநாடியில் முடிந்துவிடும். சுருதி அரைக்கட்டையில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பழைய படம் பார்த்து, "அந்தக் காலத்துக் குரலே குரல்" என்று உருகினோம். அந்த உருக்கத்தில் கொஞ்சம் அந்த ஓட்டத்துக்கும் சேர வேண்டியது. இதற்கு எந்த டி.ஜே.யும் பொறுப்பில்லை. ஆகவே பதிவைத் தொட்டதே பாவம் என்ற வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதிவு நம்மிடம் வந்து சேருவதற்குள் பல கைகள் அதைத் தொட்டாகிவிட்டது. தொட்டவன் காது கொடுத்துக் கேட்டுத் தொட்டானா என்பதுதான் கேள்வி.

இனி அந்த 'எட்டுக்கு எட்டு' விவகாரத்துக்கு வருகிறேன்.

இரண்டு தட்டுச் சுழற்றிகளைப் பக்கத்தில் வைத்து, ஒரு பாட்டின் தாளத்தோடு மற்றதன் தாளத்தைப் பொருத்தி இடைவெளியில்லாமல் ஓட்டும் வித்தை அமெரிக்க நடன விடுதிகளில் வளர்ந்தது. ஜப்பானின் டெக்னிக்ஸ் கம்பெனி 1979-ல் கொண்டுவந்த எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்ற சுழற்றியில் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு குமிழ் உண்டு. வேகத்தை 8 சதம் கூட்டலாம், 8 சதம் குறைக்கலாம். தாளம் பொருத்த அது போதும். ஆனால் 8 சதத்தில் சுருதி அரைக்கட்டையையும் தாண்டிவிடுகிறதே! அதனால், தாளம் மட்டும் சேர்ந்தால் போதாது, சுருதியும் சேர வேண்டும் என்று காதுள்ள சிலர் கவலைப்பட ஆரம்பித்தார்கள். அதன் பலன்தான் இப்போது இளைஞர்கள் கைப்பேசியிலேயே வைத்திருக்கும் காமலாட் சக்கரம்.

அது கடிகார முகத்தைப்போல 12 எண்கள் கொண்டது. ஒவ்வோர் எண்ணிலும் ஏ, பி என்று இரண்டு அறைகள். மேல்நாட்டு சங்கீதத்தின் 12 மேஜர், 12 மைனர் ஸ்வரவரிசைகளும் இந்த 24 அறைகளில் அடங்கிவிடும். பக்கத்துப் பக்கத்து எண்களுக்குள் உள்ள உறவு நம் ஷட்ஜ பஞ்சம உறவுதான். ஏழு ஸ்வரங்களில் ஆறு பொதுவாக இருக்கும். சேர்த்துப் போட்டால் இடிக்காது. ஒரே எண்ணானால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து ஒட்டிவிடுகிறது. நம் இளைஞன் அப்படித்தான் 8பி-க்கு 8பி போட்டான்.

ஆனால் கம்ப்யூட்டர் ஒட்டிய சீட்டு, பாட்டு பதிவான வேகத்துக்கு மட்டுமே சரி. 6 சதம் ஓட்டிய உடனே அந்தச் சீட்டு பொய்யாகிவிடுகிறது. அரைக்கட்டை ஏறினால் சக்கரத்தில் 7 எண் தள்ளிப் போகும். எட்டும் ஏழும் பதினைந்து. பன்னிரண்டைக் கழித்தால் மூன்று. அன்று இரவு அவன் எட்டுக்கு எட்டு போடவில்லை. மூன்றுக்கு எட்டு போட்டான். அதனால்தான் பல் கூசியது.

இதில் இன்னொரு நுட்பம். கொஞ்சம் மாற்றினால் கொஞ்சம் கெடும், அதிகம் மாற்றினால் அதிகம் கெடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. 1 சதம் ஓட்டினால் சாதாரணக் காதுக்கு அநேகமாகத் தெரியாது. முழுதாக 6 சதம் ஓட்டினால் இன்னொரு கட்டையில் சுத்தமாகப் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டைக்கு ஒத்த பாட்டைத் தேடிக்கொள்ளலாம். நடுவே 3 சதம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அது எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுச் சந்தில் நிற்கிறது. அதோடு எந்தப் பாட்டையும் இருக்கிறபடி சேர்க்க முடியாது. 'ஏதோ லேசாகத்தானே ஓட்டினேன்' என்று சொல்கிறவர்கள்தான் காதை அதிகம் புண்படுத்துகிறார்கள்.

"இதற்கெல்லாம் மருந்து யந்திரத்திலேயே இருக்கிறதே" என்று விஷயம் தெரிந்த வாசகர்கள் சொல்வார்கள். இருக்கிறது. வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாதபடி பூட்டிவிடும் பொத்தான் ஒன்று இன்றைய கருவிகளில் உண்டு. இதன் மூல உபாயங்களில் ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஃபிளனகன், கோல்டன் என்ற இருவர் 1966-ல் வெளியிட்டார்கள். மனிதப் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சங்கீதம் அவர்கள் உத்தேசம் அல்ல. இன்று முறைகள் பல. எளிதாகப் புரியக்கூடிய ஒன்று, ஒலியைக் கண் இமைக்கும் நேரத்திலும் சிறிய துண்டுகளாக நறுக்குவது. வேகம் கூட வேண்டுமானால் சில துண்டுகளை விட்டுவிட வேண்டும்; குறைய வேண்டுமானால் சிலவற்றைத் திரும்ப ஒட்ட வேண்டும்; ஓரங்களைத் தேய்த்து ஒட்டுத் தெரியாமல் செய்துவிட வேண்டும்.

நீண்டு நிற்கும் குரலுக்கு இது பொருந்துகிறது. ஆனால் தவிலின் ஓர் அடியோ பறையின் ஓர் அடியோ அப்படி நீண்டு நிற்பது அல்ல. குச்சி தோலில் படும் அந்தக் கண நேரத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. கத்தி அந்த இடத்தில் விழுந்தால் அடி மழுங்கிவிடும், அல்லது இரண்டாகக் கேட்கும். நம் இளைஞனிடம் பூட்டுப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். "இருக்குதுங்கண்ணா. போட்டா அடி செத்துப்போவுது. அதான் எடுத்துட்டேன்" என்றான். அவன் காது நல்ல காது என்று அப்போதே எனக்குப் பட்டது. தாளத்தின் உயிரைக் காப்பாற்றப் போய்ச் சுருதியை விட்டுவிட்டான். தெரியாமல் விட்டானே தவிர, அலட்சியத்தால் அல்ல.

பூட்டுப் போட்டாலும் தீராத இன்னொரு குறை இருக்கிறது. நம் ராகங்களில் கமகம் என்பது ஸ்வரத்தின் அசைவு. அந்த அசைவுக்கு ஒரு வேகம் உண்டு. பாட்டை நன்றாக இழுத்துவிட்டால், சுருதி இருந்த இடத்தில் இருக்கலாம். ஆனால் தோடியின் காந்தாரம் அசைகிற விதத்தில் அசையாது, தூக்கக் கலக்கத்தில் ஆடுவதுபோல் ஆடும். நாலு, ஐந்து சதத்தில் இது தெரியாது. இருபது சதத்தில் தெரியும். ஆகையால் பொத்தான் நல்ல பணியாளே ஒழிய, அதனிடம் எஜமானப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

சக்கரத்தின் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. அதற்கு மேஜர், மைனர் என்ற இரண்டு ஜாதிதான் தெரியும். நம் பாட்டுக்களில் எத்தனையோ ராகங்கள் வருகின்றன. 1 கட்டையில் உள்ள மோகனத்தின் காந்தாரத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் 3 கட்டையில் ஹிந்தோளம் வந்துவிடும். ரிஷபத்தை வைத்தால் மத்தியமாவதி. பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று நம் வித்துவான்கள் கச்சேரியில் செய்து காட்டுவது இதைத்தான். ஐந்தும் அதே ஐந்து கட்டைகள்தான். அப்படியானால் 1 கட்டை மோகனப் பாட்டு ஒன்றிலிருந்து 3 கட்டை ஹிந்தோளப் பாட்டு ஒன்றுக்கு ஒரு ஸ்வரமும் இடிக்காமல் போய்ச் சேரலாம். ஷட்ஜம் மட்டும் இடம் மாறும். கேட்கிறவனுக்கு ஒரு கணம் நிற்கிற தரை நகர்ந்தது போலிருக்கும். மறுகணம் புது இடத்தில் காலை ஊன்றிக்கொண்டுவிடுவான். மேல்நாட்டார் தங்கள் சங்கீதத்துக்கு ஒரு சக்கரம் செய்துகொண்டார்கள். நம் ராகங்களுக்கு வேண்டியதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரை நிறுத்திவிடலாமா என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது, வித்துவான் லாரியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சுருதிப் பெட்டி. இளைஞன் அதே அம்மன் பாட்டை மெதுவாக வைத்தான். அவர் பெட்டியை அதற்குச் சேர்த்தார். பிறகு அவன் பாட்டை 6 சதம் ஓட்டினான். பெட்டி அப்படியே நிற்க, பாட்டு மட்டும் மேலே போயிற்று. அவன் சிரித்துவிட்டான். யாராவது ஒருவர் முன்னால் இருந்து காட்டினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடுகிற விஷயம் அது. அவன் அதுவரை படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் எண்கள்.

"அப்ப மூணாம் நம்பர் பாட்டாப் பார்த்துப் போட்டாச் சரியாப் போயிருமுங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"சரியாத்தான் போகும். ஆனா பொம்பளைங்க பாடிக்கிட்டிருக்கறப்ப அவங்க பாட்டை எதுக்குக் கண்ணு ஓட்டறே? வர்ற பாட்டை இதுக்கு இறக்கிக்கிட்டு வா" என்றார் அவர்.

நானாக இருந்தால் இதை யோசித்திருக்க மாட்டேன். கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். 106 தட்டுள்ள பாட்டை 100-க்கு இறக்கினால் அது அரைக்கட்டை இறங்கும். ஆகவே சீட்டில் 3 என்றுள்ள பாட்டை எடுத்து இறக்கினால், அது எட்டில் வந்து உட்காரும். கும்மிப் பாட்டு தன் வேகத்திலும் தன் சுருதியிலும் இருக்கும். புதிதாக வருகிற பாட்டு, விருந்தாளி வீட்டு வழக்கத்துக்கு இணங்குவதுபோல் இணங்கி வரும். அப்புறம் கும்மி முடிந்து பெண்கள் நகர்ந்த பிறகு, பையன்கள் ஆடும் நேரத்தில், எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆடுகிறவனுக்குச் சுருதி மெதுவாக ஏறுவது உற்சாகம்கூடத் தரலாம். பாடுகிறவளுக்கு அது காலடியில் படியை உருவுவது மாதிரி.

இரவு அப்படியே செய்தான். முதல் பாட்டின் கடைசி அடியைப் பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பாட்டு உள்ளே வந்தது. இந்தத் தடவை யாரும் வாயை மூடவில்லை. இரண்டாம் பாட்டுக்குள் அவர்கள் தாமாகவே நடந்து போய்விட்டார்கள். நாலாவது பாட்டில் ஓர் இடத்தில் மறுபடியும் இடித்தது. நடுச் சந்தில் போய் மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது. வித்துவான் கையை ஆட்டினார். அவன் சட்டென்று பழைய பாட்டை இறக்கி நிறுத்தினான். மொத்தத்தில் நல்ல இரவு.

என் விமரிசனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டோடு பாட்டைச் சேர்ப்பது குற்றம் அல்ல. அது ஒரு வித்தை, கஷ்டமான வித்தை. வேகத்தை மாற்றும்போது சுருதிக்கு என்ன ஆகிறது என்று அறிந்து, எந்தப் பாட்டு எதற்கு இணங்கும் என்று தேடி எடுப்பவன் கலைஞன்தான். சீட்டை நம்பி எட்டுக்கு எட்டு போடுகிறவனும், பொத்தானை நம்பி எதற்கு எதையும் போடுகிறவனும் கலைஞர்கள் ஆகவில்லை. பழைய பாட்டைப் பாழாக்குகிறார்கள் என்று கோபிக்கிற பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சுருதி சொல்லிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் லாரிப் பக்கம் போனோம்? நான் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், தம் பிழைப்பைப் பறிக்க வந்தவன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த பையனிடம் போய் உட்கார்ந்தார்.

கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை. வரும் பங்குனிக்குள் சொல்வார்களாம். மேளத்துக்கு உள்ள பணத்தில் கை வைக்க வேண்டாம் என்று அந்த இளைஞன் கமிட்டியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். கமிட்டித் தலைவர் என் நண்பர். இந்தக் கட்டுரையை அவர் படிப்பார் என்று நம்புகிறேன்.